மறு: லங்காவி லிமா விமானக் கண்காட்சியில் எடுத்த படங்களில் புரொப்பெல்லர் சுற்றாமல் நிற்கிறது, விமானமும் கறுப்பு

வணக்கம். கேமராவில் கோளாறு எதுவும் இல்லை, புரொப்பெல்லர் நிற்பதுபோல் தெரிவதற்கு 1/2000 நொடி ஷட்டர் வேகம்தான் காரணம். நீங்கள் எடுத்தது இந்தோனேசியாவின் ஜுப்பிட்டர் விமான சாகசக் குழு. அவர்கள் ஓட்டும் கேடி-1பி புரொப்பெல்லர் விமானம். ஹார்னெட், சுகோய் போன்ற ஜெட்களுக்கு 1/1000க்கு மேல் சரி. இந்தப் புரொப்பெல்லர் விமானத்துக்கு 1/250 அல்லது 1/320 வையுங்கள். ஹெலிகாப்டர் என்றால் 1/125 வரைகூட இறங்கலாம், ஆனால் பாதிப் படம் ஆடித்தான் வரும். அதைப் பற்றிக் கவலைப்படாமல் தொடர்ந்து சுட்டுத் தள்ளுங்கள்.

கோலாலம்பூரில்தான் இருக்கிறீர்கள், பயிற்சிக்கு லிமா வரை காத்திருக்க வேண்டியதில்லை. சுபாங் விமான நிலையத்தில் ஏடிஆர் 72 என்ற புரொப்பெல்லர் பயணிகள் விமானம் இறங்கும்போது போய் நில்லுங்கள். அதன் புரொப்பெல்லர் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 1200 சுற்று, அதாவது நொடிக்கு 20. 1/2000இல் நாலு டிகிரிகூட நகராது, அப்புறம் எப்படிச் சுற்றுவது தெரியும்? 1/250இல் கிட்டத்தட்ட 29 டிகிரி. காலை அகட்டி ஊன்றி, இடுப்போடு திரும்புங்கள். கையை மட்டும் திருப்பினால் விமானமே மங்கிவிடும். ஷட்டரை அழுத்திய பிறகும் திரும்புவதை நிறுத்தாதீர்கள்.

விமானம் கறுப்பாக வந்ததற்கு நம் ஊர் வெள்ளை வானம்தான் காரணம். வெளிச்சம் அதிகம் என்று கேமரா நினைத்து எல்லாவற்றையும் இருட்டாக்குகிறது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை +1க்கு ஏற்றுங்கள். விமானம் மலைப் பின்னணிக்கு வந்ததும் மறக்காமல் பூஜ்யத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

புது லென்ஸ் வாங்கச் சொன்னவர் பேச்சைக் கேட்காதீர்கள். உங்கள் 70-300 மி.மீ. ஜூம் லென்ஸே போதும்.