ஐரோப்பாவில் ஆற்றங்கரையில் உள்ள பழைய நகரங்களில் ஒன்றை மட்டும் பார்க்க முடியும் என்றால் எங்கே போகலாம்?

தயங்காமல் ரேகன்ஸ்பர்க் என்பேன். தெற்கு ஜெர்மனியில், பவேரியாவில், டான்யூப் கரையில் இருக்கிறது. மியூனிக்கிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரப் பயணம். பிராகும் புடாபெஸ்ட்டும் அழகானவைதாம். ஆனால் ஓர் ஊர் எப்படிச் செழித்தது, எப்படி நொடித்தது, நொடித்ததாலேயே எப்படிப் பிழைத்தது என்பதை ஒரே நாள் நடையில் கண்ணால் பார்க்க வேண்டுமானால் இந்த ஊருக்குத்தான் போக வேண்டும்.

டான்யூபின் மேலுள்ள பழைய கல்பாலத்தின் வடகரையில், ஸ்டட்டம்ஹோஃப் பகுதியிலிருந்து நடக்கத் தொடங்குங்கள். அந்தக் கல்பாலம் 1135 முதல் 1146 வரை, 16 வளைவுகளோடு கட்டப்பட்டது. பல நூற்றாண்டுகளுக்கு உல்மிலிருந்து வியன்னா வரை டான்யூபைக் கடக்க வேறு கல்பாலமே கிடையாது. அதனால் வணிகமெல்லாம் இங்கே வந்து குவிந்தது. வெனிஸ் வரை சரக்கு அனுப்பி வாங்கிய வணிகர்கள் இத்தாலியப் பாணியில் கோபுர வீடுகள் எழுப்பினார்கள். காவலுக்காக அல்ல, யாருடைய வீடு உயரம் என்று காட்டிக்கொள்ளத்தான்! அவற்றுள் பொற்கோபுரம் எனப்படுவது சுமார் 50 மீட்டர் உயரம்.

பிறகு நூரம்பெர்க்கும் ஆக்ஸ்பர்க்கும் வணிகத்தில் முந்திக்கொண்டன. கையில் பணமில்லாத ஊரில் பழையதை இடித்துப் புதிதாகக் கட்ட யார் வருவார்கள்? தொழிற்புரட்சியும் இங்கே தாமதமாகத்தான் எட்டிப் பார்த்தது. இரண்டாம் உலகப் போரில் ஊருக்கு வெளியே இருந்த மெஸ்ஸர்ஷ்மிட் விமானத் தொழிற்சாலைமீது குண்டுகள் விழுந்தன. பழைய நகரம் பெரும்பாலும் தப்பியது. 2006-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ரோமானியர் காலத்தையும் விட்டுவிடாதீர்கள். ரோமப் பேரரசர் மார்கஸ் அரேலியஸ் ஆட்சியில், கி.பி. 179-இல், இங்கே படை முகாம் அமைந்தது. அதன் வடக்கு வாசலான போர்ட்டா பிரிட்டோரியா, பிற்காலக் கட்டடத்தின் சுவரோடு சுவராக இன்றும் தெருவோரத்தில் நிற்கிறது. புனித பேதுரு பேராலயம் அருகிலேயே இருக்கிறது. அதைக் கட்டத் தொடங்கியது 13-ஆம் நூற்றாண்டில்; அதன் கோபுரங்கள் 1869-இல்தான் முடிந்தன.

நியூஃபார் சதுக்கத்தில் கட்டாயம் சற்று நேரம் நில்லுங்கள். அங்கே இருந்த யூதக் குடியிருப்பை 1519-இல் நகரத்தார் இடித்து, மக்களை விரட்டினார்கள். தரைக்கடியில் தொழுகைக்கூடத்தின் எச்சங்கள் அகழ்வில் கிடைத்தபின், அதன் வடிவத்தை வெள்ளைக் கான்கிரீட்டில் சதுக்கத்திலேயே பதித்திருக்கிறார்கள். இந்த ஊரின் அழகை மட்டும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் போவது நியாயமில்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

வானியலாளர் கெப்ளர் தமக்கு வரவேண்டிய சம்பளப் பாக்கியைக் கேட்க வந்து, 1630-இல் இங்கேயே நோயுற்று இறந்தார். அவர் இறந்த வீடு இப்போது அருங்காட்சியகம். அவருடைய கல்லறை 17-ஆம் நூற்றாண்டின் முப்பதாண்டுப் போரில் அழிந்துபோனது.

1663 முதல் 1806 வரை புனித ரோமப் பேரரசின் (ஜெர்மன் அரசுகள் பல சேர்ந்திருந்த பேரரசு) நிரந்தர மன்றம் கூடிய இடம் பழைய நகர மண்டபம். வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே போக முடியும் என்பதால், ஊருக்குள் வந்ததும் முதலில் அந்த டிக்கெட்டை வாங்கிவிடுங்கள்.