கோத்தகிரி மண்ணுக்கு ஜிப்சமா, டோலமைட்டா?

வணக்கம். முட்டைக்கோஸ் வேர் முண்டு முண்டாக வீங்குகிறது, மண்ணின் பி.எச். 4.8 (அதாவது மண் நல்ல புளிப்பு), கடைக்காரர் ஜிப்சம் போடச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

தயவுசெய்து ஜிப்சம் வாங்காதீர்கள். அது கால்சியம் சல்பேட். கால்சியமும் கந்தகமும் தரும், களர் நிலத்தைத் திருத்தும். ஆனால் மண்ணின் புளிப்பைக் குறைக்காது; இந்த வேர்வீக்க நோய்க்கோ புளிப்பு மண்தான் தோது. புளிப்பை முறிப்பது சல்பேட் அல்ல, கார்பனேட். உங்களுக்கு வேண்டியது டோலமைட், அதாவது கால்சியம் மக்னீசியம் கார்பனேட். நீலகிரி மழை இந்த இரண்டு சத்துகளையுமே அரித்துக்கொண்டு போய்விடுகிறது, அதனால் வெறும் சுண்ணாம்புக்கல் தூளைவிட இதுவே மேல் என்பேன். மாவு போல நைசாக அரைத்ததா என்று பாருங்கள், கரடுமுரடானது வருடக்கணக்கில் கரையாமல் கிடக்கும். சந்தேகமிருந்தால் ஒரு சிட்டிகையில் எலுமிச்சைச் சாறு விடுங்கள்: டோலமைட் மெதுவாக நுரைக்கும், ஜிப்சம் நுரைக்காது.

நடவுக்கு ஓரிரு மாதம் முன்பே தூவி, நன்றாகக் கொத்திக் கலந்துவிடுங்கள். அளவை மண் பரிசோதனை நிலையத்தில் கேளுங்கள். அம்மோனியம் சல்பேட்டோடு சேர்த்துப் போட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும்.

அப்புறம், வேர்வீக்கம் டோலமைட்டால் மட்டும் போகாது. அந்தப் பாத்தியில் சில வருடம் கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி வேண்டாம். பக்கத்தில் தேயிலை இருந்தால் அங்கே தூவாதீர்கள், அதற்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும்.