ஒரு 'ஃபார்' விட்டுப்போனதால் வந்த குழப்பம்

ஒருவர் உங்களுக்காகப் பரிந்து பேசியதை ஆங்கிலத்தில் 'ஹீ ஸ்டுட் மீ அப்' என்று எழுதியதும் சக ஊழியர் ஏன் சிரித்தார் என்று கேட்டிருந்தீர்கள். 'ஃபார்' என்ற சொல் விட்டுப்போனதுதான் காரணம். நீங்கள் எழுதிய 'ஹீ ஸ்டுட் மீ அப்' என்பதற்கு, 'வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் என்னைக் காக்க வைத்துவிட்டார்' என்று பொருள். காதலர் சந்திப்பில்தான் இது அதிகம் அடிபடும். உங்கள் சக ஊழியர் சிரித்ததில் வியப்பில்லை! 'எனக்காகப் பரிந்து பேசினார்' என்பதற்கு 'ஹீ ஸ்டுட் அப் ஃபார் மீ' என்று வர வேண்டும்.

'என்னை ஆதரித்தார்' என்று தமிழில் யோசித்து எழுதியிருப்பீர்கள். அந்த 'என்னை'தான் 'மீ'யை நடுவில் கொண்டுபோய் வைத்துவிட்டது. 'எனக்காக' என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். பொருந்தினால் 'ஃபார்' வேண்டும்.

ஆனால் இதை எல்லா இடத்திலும் நம்பிவிடாதீர்கள். கஷ்டத்தில் கைவிடாமல் துணை நின்றார் என்றால் 'ஹீ ஸ்டுட் பை மீ'தான், 'ஃபார்' கிடையாது. அதிலும் 'மீ'யை விட்டுவிட்டு 'ஹீ ஜஸ்ட் ஸ்டுட் பை' என்று எழுதினால், கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார் என்று ஆகிவிடும். அப்புறம், 'ஸ்டுட் அப் டு மீ' என்றால் என்னையே எதிர்த்து நின்றார்!