பாடி என்ன ஆகப்போகிறது? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

சான்பிரான்சிஸ்கோ கே (தன்பாலீர்ப்பு கொண்ட) ஆண்கள் பாடகர் குழுவைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை நண்பன் அனுப்பிப் படித்தேன். கறுப்பு உடையில் முதுகு காட்டி நிற்கிறவர்களும், நடுவே வெள்ளை உடையில் முகம் தெரிய நிற்கிற ஏழு பேரும் இருக்கும் அந்தப் புகைப்படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு 27 வயது. தென் மாவட்டம் ஒன்றில் எங்கள் சபையின் கொயரில் (பாடகர் குழுவில்) பேஸ், அதாவது ஆண்களின் கீழ்க்குரல், பாடுகிறேன். நானும் கேதான். கொயரில் யாருக்கும் தெரியாது. வீட்டிலும் தெரியாது.

சென்னையில் இருக்கும் நண்பர்கள் நமக்கென்று ஒரு பாடகர் குழு ஆரம்பிக்கலாம், மாதம் இரண்டு தடவை நீ வந்து நாலு குரலில் பாடக் கற்றுக்கொடு என்கிறார்கள். பத்துப் பேர் தேறுவார்களா என்பதே சந்தேகம். எனக்கும் மனம் ஒப்பவில்லை. நம் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் சட்டப்பிரிவு கோர்ட்டில்தான் போனது, பாட்டால் போகவில்லை. கேட்க வருகிறவர்களும் ஏற்கெனவே நம் பக்கம் இருப்பவர்கள்தான். எதிராக இருப்பவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து உட்காரப் போவதில்லை. அப்புறம் பாடி என்ன ஆகப்போகிறது? அதுவும் தனியாக ஒரு குழு எதற்கு? இருக்கிற குழுக்களில் எல்லோரோடும் சேர்ந்து பாடினால் போதாதா?

பெயர் வேண்டாம் அக்கா. எஸ். என்று மட்டும் போடுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ். தம்பிக்கு,

வாராவாரம் கொயரில் நிற்கிற ஒருவரே “பாடி என்ன ஆகப்போகிறது” என்று கேட்டால் அந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. அதனால்தான் பதில் எழுத மூன்று நாள் ஆகிவிட்டது.

முதலில் 377. கோர்ட்டில்தான் போனது, சரி. 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் கொடுத்த விடுதலையை 2013இல் உச்ச நீதிமன்றம் திரும்பப் பறித்தது. 2018 செப்டம்பர் 6ஆம் தேதி மறுபடியும் கொடுத்தது. அந்த 2018 வழக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். நவ்தேஜ் சிங் ஜோஹர், பரதநாட்டியக் கலைஞர். நம் சென்னைக் கலாக்ஷேத்ராவில் பயின்றவர். தன் பெயரைப் போட்டு மனுக்கொடுக்க ஆள் இல்லாமல் எந்த வழக்கும் நடக்காது. மேடையில் நின்று பழகிய ஒருவர் அந்த இடத்துக்கு வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இன்னொன்று நம் உயர் நீதிமன்றத்திலேயே நடந்தது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்ட வழக்கு, 2021. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கு முழுதாகப் புரியவில்லை என்று திறந்த மனதோடு ஒப்புக்கொண்டார். மனநல நிபுணர் ஒருவரிடம் உட்கார்ந்து பேசிவிட்டு, அதன் பிறகுதான் உத்தரவு எழுதினார். அதை வாசித்த அன்று நான் அழுதேன். சட்டத்தை எழுதுகிறவர்களும் மனிதர்கள். அவர்களும் யாருடைய குரலையாவது கேட்டுத்தான் மாறுகிறார்கள்.

இனி சான்பிரான்சிஸ்கோ. போன கட்டுரையில் அந்தப் புகைப்படத்தைப் பற்றியே எழுதி, தொடக்கத்தை விட்டுவிட்டேன்.

1978 அக்டோபர் 30, திங்கட்கிழமை. ஜான் சிம்ஸ் என்பவர் கூட்டிய முதல் ஒத்திகை. எட்டு நாள் கழித்து, நவம்பர் 7ஆம் தேதி, கலிஃபோர்னியா முழுக்க ஒரு வாக்கெடுப்பு. கே ஆசிரியர்களையும், அவர்களுக்குப் பரிந்து பேசுகிற ஆசிரியர்களையும் அரசுப் பள்ளிகளிலிருந்து நீக்க வழிசெய்யும் பிரேரணை அது. குழுவின் பெயரிலேயே ‘கே’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒருவர் அந்த அறைக்குள் நுழைந்தார் என்றால், தன் வேலையையும் வாடகை வீட்டையும் பணயம் வைத்துத்தான் நுழைந்தார். பிரேரணை தோற்றது. ஏறக்குறைய 58 சதவீதம் பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். இருபது நாள்தான் அந்தச் சந்தோஷம். நவம்பர் 27ஆம் தேதி, தன்னை கே என்று சொல்லிக்கொண்டே தேர்தலில் நின்று ஜெயித்த ஹார்வி மில்க்கையும் மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியையும் நகர மன்றக் கட்டடத்துக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர், ராஜினாமா செய்துவிட்டு அந்தப் பதவியைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்த முன்னாள் நகர மன்ற உறுப்பினர்.

அன்றும் திங்கட்கிழமைதான். ராத்திரி ஆயிரக்கணக்கான பேர் மெழுகுவத்தி ஏந்தி காஸ்ட்ரோ தெருவிலிருந்து நகர மன்றம் வரை நடந்தார்கள். தொடங்கி நாலே வாரமான அந்தக் குழு, கட்டடத்தின் படிகளில் ஏறி நின்று மெண்டல்சன் இசையமைத்த ஒரு பாடலைப் பாடியது. ஆண்டவரே, எங்கள் அடைக்கலமே என்று கூப்பிடுகிற பாட்டு. ‘அடைக்கலம்’ சங்கீதங்களில் நீங்கள் அடிக்கடி வாசிக்கிற சொல். அதுதான் அவர்களுடைய முதல் அரங்கேற்றம். டிக்கெட், சீருடை, விளக்கு எதுவும் கிடையாது.

நம் ஊரில் இழவு வீட்டில் ஒப்பாரி சொல்கிறவர்கள் யார்? உறவுக்காரப் பெண்கள், தெருப் பெண்கள். செத்தவர் நம்மவர் என்று சொல்லிக்கொள்ள உரிமை உள்ளவர்கள். ரத்த உறவு எதுவும் இல்லாத அந்த ஆண்கள் அன்று அந்தப் படிகளில் நின்று அந்த உரிமையை எடுத்துக்கொண்டார்கள். நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

1981இல் குழு நாடு சுற்றிப் பாடியது. அதைக் கேட்டுவிட்டு மற்ற ஊர்களிலும் குழுக்கள் முளைத்தன. அதே 1981இல்தான் எய்ட்ஸ் பற்றிய முதல் மருத்துவ அறிக்கையும் வந்தது.

நீண்ட சுரம் வரும்போது உங்கள் கொயர் மாஸ்டர் என்ன சொல்வார்? “பக்கத்து ஆள் மூச்சு எடுக்கிற இடத்தில் நீ எடுக்காதே. நீ எடுக்கும்போது அவன் பிடிப்பான், அவன் எடுக்கும்போது நீ பிடி.” எங்கள் மாஸ்டர் பென்சிலால் ஒவ்வொருவர் தாளிலும் வெவ்வேறு இடத்தில் சின்னக் காற்புள்ளி போட்டுக்கொடுப்பார். தனியாக யாருமே அத்தனை நேரம் மூச்சுப் பிடிக்க முடியாது. ஆனால் கேட்கிறவருக்குச் சுரம் அறுபடவே அறுபடாது. அந்தக் குழு எய்ட்ஸ் வருடங்களைத் தாண்டியதை நினைத்தால் எனக்கு அந்தப் பென்சில் குறிகள்தான் ஞாபகம் வருகின்றன. வாரா வாரம் ஒத்திகைக்கு வந்தவர் ஒருநாள் வருவதில்லை. அவர் வரியைப் பக்கத்தில் நின்றவர் எடுத்துக்கொள்கிறார். பிறகு அவரும் வருவதில்லை. நீங்கள் பார்த்த படம் 1993இல் எடுத்தது. வெள்ளை உடையில் இருக்கும் ஏழு பேர் ஆரம்ப உறுப்பினர்களில் உயிரோடு மிஞ்சியவர்கள். முதுகு காட்டி நிற்கும் 115 பேர், அதுவரை போய்விட்ட 115 பேருக்காக நிற்கிறார்கள். நாளடைவில் அந்த எண்ணிக்கை முந்நூறைத் தாண்டியது. அத்தனை மரணத்துக்கு நடுவிலும் திங்கட்கிழமை ஒத்திகையை அவர்கள் விடவில்லை தம்பி. பாடி என்ன ஆகும் என்பதற்கு என்னிடம் இருக்கும் முதல் பதில் இதுதான். பாடியதால் அவர்கள் ஒருவரை ஒருவர் விட்டுப் போகாமல் இருந்தார்கள்.

கேட்க வருகிறவர்கள் நம் பக்கம் இருப்பவர்கள் என்கிறீர்கள். பாதிதான் சரி. பாடுகிற ஒவ்வொருவருக்கும் ஓர் அம்மா இருக்கிறார், சித்தப்பா இருக்கிறார், ஆபீஸ் சிநேகிதர் இருக்கிறார். அவர்கள் கொள்கைக்காக வருவதில்லை. “எங்கள் பையன் பாடுகிறான்” என்று வருகிறார்கள். பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறார்கள். விவாதத்தில் எதிர்த்துப் பேச அவர்களால் முடியும். நாலு குரல் ஒன்றுசேரும் இடத்தில் எதை எதிர்ப்பார்கள்?

2017இல் இதே குழு, ஓக்லாந்தைச் சேர்ந்த ஒரு காஸ்பல் (கிறிஸ்தவப் பக்திப் பாடல்) குழுவையும் கூட்டிக்கொண்டு மிசிசிப்பி, அலபாமா, டென்னசி, தென் கரோலினா, வட கரோலினா என்று தெற்கே போனது. அவர்களை ஏற்காத சபைகள் நிறைந்த பகுதி அது. அப்போது நடத்துநராக இருந்த டிம் சீலிக், ஒரு காலத்தில் பாப்டிஸ்டு சபையில் இசை ஊழியம் பார்த்தவர். தான் யார் என்று சொன்னதும் அந்த ஊழியத்தை இழந்தவர். அந்தப் பயணத்தில் ஒரு பாப்டிஸ்டு ஆலயமே தன் கதவைத் திறந்து அவர்களைப் பாடவைத்தது. பயணத்தால் எந்தச் சட்டமும் ரத்தாகவில்லை, உண்மைதான். ஆனால் ஒரு பாப்டிஸ்டு பீடத்தின் முன்னால் மறுபடி நின்று பாட அந்த மனிதர் எத்தனை வருஷம் காத்திருந்திருப்பார்! அது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

உங்கள் கடைசிக் கேள்வி, தனிக்குழு எதற்கு என்பது. இதற்கு என் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

நான் ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்) பாடிய கொயரில் ஓர் அண்ணன் இருந்தார். டெனர், ஆண்களின் மேல்குரல். சால்ஃபா (சுர எழுத்து) தாளைப் பார்த்த மாத்திரத்தில் பாடுவார். எங்களுக்கெல்லாம் பாட்டைப் பிடித்துக்கொடுத்ததே அவர்தான். அவரைப் பற்றி ஏதோ பேச்சு கிளம்பியது. கமிட்டியில் கூடிப் பேசினார்கள். அடுத்த ஞாயிறு அவர் அங்கி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. “டெனர் கொஞ்சம் சத்தமாகப் பாடுங்கள்” என்பதைத் தவிர மாஸ்டர் எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, எனக்கு அப்போது 19 வயது. அந்த வருஷக் கிறிஸ்துமஸ் கரோல் ஆராதனையில் என் இடத்திலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். உதடு அசைந்தது. நாங்கள் பாடிய பாட்டின் டெனர் வரி. மூச்சு எடுக்கும் இடம்கூடத் தப்பவில்லை.

எல்லோரோடும் பாடினால் போதாதா என்று கேட்கிறீர்கள். போதும், அந்த ‘எல்லோரும்’ உங்களை முழுதாகத் தெரிந்துகொண்டு பக்கத்தில் நிற்பார்கள் என்றால். அதுவரைக்கும் ஓர் இடம் வேண்டும். பாட்டுக்கு நடுவே டீ குடிக்கும்போது “உங்கள் வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார்” என்று ஓர் ஆண் இன்னோர் ஆணைச் சாதாரணமாகக் கேட்கிற இடம். அந்த வேப்பமரத்துக்குப் பதிலாக ஒரு நாற்காலி.

பத்துப் பேர் தேறுமா என்று யோசிக்காதீர்கள். நாலு குரலுக்கு எட்டுப் பேர் போதும். லண்டன் பிங்க் சிங்கர்ஸ் 1983இல் ஒரு பிரைடு (நம்மவர்களின் பெருமித) ஊர்வலத்துக்காகக் கூடிய குழுதான், இன்னும் பாடிக்கொண்டிருக்கிறது. மும்பையில் ரெயின்போ வாய்சஸ் 2014இல் தொடங்கியது. மேடையைப் பற்றி இப்போது நினைக்கவே வேண்டாம். முகம் காட்டப் பயப்படுகிறவரும் ஒத்திகைக்கு வரலாம் என்பது முதல் விதியாக இருக்கட்டும். யாரும் யாரையும் படம் எடுக்கக் கூடாது என்பது இரண்டாவது. தமிழில் பாடுங்கள். நாலு குரலுக்குப் பிரித்து எழுத உங்களுக்குத் தெரியும். அந்த வேலையை ரசித்துச் செய்யுங்கள். உங்கள் சபைக் கொயரில் எதையும் சொல்லச் சொல்லி நான் கேட்கமாட்டேன். எப்போது, யாரிடம் என்பது உங்கள் முடிவு. அதில் அவசரப்படுத்த யாருக்கும் உரிமை கிடையாது, நண்பர்களுக்கும்தான்.

அடுத்த மாதம் சென்னை வந்தால் எழுதுங்கள். என் வீட்டு மாடியில் பதினைந்து பேர் தாராளமாக உட்காரலாம், பழைய ஹார்மோனியம் ஒன்றும் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை சாயங்காலம் எனக்கு வேறு வேலை எதுவும் கிடையாது.

அன்புடன்,
அக்கா