பழைய செஸ்னாவின் உட்புறத்தைப் புதுப்பிக்கும் முன்

கேள்வி: 1959-இல் தயாரான, அமெரிக்கப் பதிவில் உள்ள செஸ்னா 172 விமானம் ஒன்றை வாங்கியிருக்கிறேன். கூரைத் துணி தொங்குகிறது, பக்கவாட்டு அட்டைகள் நைந்துவிட்டன, சன்னல்களைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டங்கள் தொட்டாலே உடைகின்றன, இருக்கைகளின் ஃபோம் பொடியாக உதிர்கிறது. விமானி உரிமம் என்னிடம் உண்டு. இவற்றையெல்லாம் நானே மாற்றலாமா? எந்தத் துணியை வாங்க வேண்டும்? எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: துணியைப் பற்றி இறுதியில் யோசிக்கலாம். முதலில், ஆண்டுச் சோதனையில் உங்கள் விமானத்துக்குக் கையெழுத்திடும் மெக்கானிக்கிடம் பேசுங்கள். அமெரிக்க விமான விதிகளின் 43-ஆம் பகுதியில் உள்ள ‘அ’ பின்னிணைப்பு, உரிமம் பெற்ற விமானி தன் விமானத்தில் தானே செய்துகொள்ளக்கூடிய தடுப்புப் பராமரிப்பு வேலைகளைப் பட்டியலிடுகிறது. இருக்கை உறைகளையும் உட்புற அலங்காரங்களையும் பழுதுபார்ப்பது அதில் அடங்கும். ஆனால் அந்த வேலைக்காக விமானத்தின் முதன்மைக் கட்டமைப்பையோ இயங்கும் அமைப்பு எதையுமோ கழற்றக் கூடாது, அவற்றின் இயக்கத்துக்கு இடையூறும் செய்யக் கூடாது என்பது நிபந்தனை. ஓர் இருக்கைக்கு உறை மாற்றுவது இந்த எல்லைக்குள் தெளிவாக அடங்குகிறது. கூரை முதல் தரை வரை அனைத்தையும் பிரித்தெடுப்பது அப்படி இல்லை. எங்கோ ஓரிடத்தில் நீங்கள் ஒரு குழாயையோ வயரையோ கழற்ற நேரிடும். ஆகவே முழு வேலையையும் மெக்கானிக்கின் மேற்பார்வையில் செய்து, அவரைக் கொண்டு பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதே சரியான வழி. கைவேலையில் பெரும்பகுதியை அப்போதும் நீங்களே செய்யலாம்.

பிரிக்கும்போது ஒவ்வொரு பகுதியையும் படம் எடுத்து, ஸ்க்ரூக்களை அவை இருந்த இடத்தின் பெயர் எழுதிய தனித்தனிப் பைகளில் போட்டு வையுங்கள். ஒரே தலை கொண்ட ஸ்க்ரூக்கள் பல நீளங்களில் வருகின்றன என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். உங்கள் விமானத்தில் இறக்கையிலிருந்து வரும் எரிபொருள் குழாய்கள் கதவுத் தூண்களுக்குள் இறங்குகின்றன. வயர்க் கற்றைகளும் கட்டுப்பாட்டுக் கேபிள்களும் அட்டைகளுக்குப் பின்னால்தான் செல்கின்றன. நான் ஒரு பழைய விமானத்தின் பக்கவாட்டு அட்டையைக் கழற்றியபோது, முன்பு யாரோ மாட்டிய அரை அங்குலம் நீளம் கூடிய ஒரு ஸ்க்ரூவின் முனை வயர்க் கற்றையைத் தொட்டுக்கொண்டிருந்தது. இயந்திர அதிர்வு ஆண்டுக்கணக்கில் அதை உரசி, மேலுறையைத் தின்று, செம்பு மின்னும் அளவுக்குக் கொண்டுவந்திருந்தது. அதே முனை எரிபொருள் குழாயின் மேல் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

உட்புறம் வெறுமையாக இருக்கும் அந்தச் சில நாள்கள்தான் இந்த வேலையின் மிக மதிப்புள்ள பகுதி என்பது என் உறுதியான கருத்து. அக்காலத்து விமானங்களில் வெப்பமும் ஒலியும் உள்ளே வராதிருக்கக் கண்ணாடி இழைப் பஞ்சை வெளித்தகட்டோடு ஒட்டி வைத்தார்கள். அந்தப் பஞ்சு ஈரத்தை உறிஞ்சி, பல ஆண்டுகளுக்கு அலுமினியத்தின் மேல் ஈரத்துணிபோல் படுத்திருக்கும். அதை உரித்தால் அடியில் வெள்ளை மாவு படிந்திருப்பதைக் காணலாம், அதுவே அரிமானம். எலிகள் கூடு கட்டிய இடங்களில் அவற்றின் சிறுநீர் இன்னும் ஆழமாக அரித்திருக்கும். வெளித்தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டது என்பதால், சிறிய குழிகூட அதன் வலுவில் கணிசமான பங்கைக் குறைத்துவிடும். தரையின் கீழும், கூரையில் இறக்கைகளைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களிலும், கதவுத் தூண்களின் அடியிலும், சன்னல்களின் கீழ் விளிம்பிலும் டார்ச்சும் சிறு கண்ணாடியும் கொண்டு நிதானமாகப் பாருங்கள். மெக்கானிக்கையும் அந்த நிலையில் அழைத்துக் காட்டுங்கள். கேபிள்கள் செல்லும் கப்பிகள், அறுந்த இழைகள், கெட்டித்துப்போன ரப்பர் குழாய்கள் ஆகியவற்றையும் சேர்த்துச் சோதித்துவிட்டால், இவற்றுக்காக மீண்டும் அட்டைகளைப் பிரிக்க வேண்டியிராது. பழைய மஞ்சள்-பச்சை நிறப் பூச்சு தென்பட்டால் அதை உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். அது பெரும்பாலும் துத்தநாகக் குரோமேட்டாக இருக்கும், அதன் தூசி புற்றுநோய் உண்டாக்கக்கூடியது.

இனி துணி. உங்கள் விமானம் சான்று பெற்ற காலத்து விதித்தொகுப்பின் 3.388-ஆம் பிரிவு, உட்புறப் பொருள்கள் குறைந்தபட்சம் சட்டென்று தீப்பற்றாதவையாக இருக்க வேண்டும் என்றும், புகைபிடிக்க இடம் தரும் அறையில் தீயை எதிர்ப்பவையாக இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. கிடைமட்டமாகப் பிடித்துக் கொளுத்திய துண்டில் நெருப்பு நிமிடத்துக்கு 20 அங்குலத்துக்கு மேல் பரவாதது முதல் வகை. 4 அங்குலத்துக்கு மேல் பரவாதது இரண்டாம் வகை. சட்டப்படி இவை போதுமானவை என்றாலும் நான் இவற்றோடு நிறுத்துவதில்லை. நெருப்பு மேல்நோக்கி ஏறும் இயல்புடையது. தட்டையாகப் படுத்த துணியில் மெதுவாகப் பரவும் அதே சுடர், நின்ற நிலையில் உள்ள பக்கவாட்டுத் துணியில் பலமடங்கு விரைவாக ஏறும். பெரிய விமானங்களுக்கான செங்குத்துச் சோதனை இதற்காகவே உள்ளது. துண்டைத் தொங்கவிட்டு 12 வினாடிகள் சுடரைக் காட்டி அகற்றியபின், அது சராசரியாக 15 வினாடிகளுக்குள் தானே அணைய வேண்டும். எரிந்த நீளம் 8 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. இந்தச் சோதனையில் தேறிய துணியையும் தோலையும் கார்பெட்டையும் ஃபோமையும் வாங்குங்கள். நீங்கள் வாங்கும் அந்தச் சுருளுக்கே உரிய சோதனைச் சான்றைக் கேட்டுப் பெற்று, விமானத்தின் ஆவணங்களோடு வையுங்கள். சான்றில்லாத சாதாரண பாலியூரிதேன் ஃபோமை எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். அது எரியும்போது வரும் புகையில் ஹைட்ரஜன் சயனைடு இருக்கும், மூடிய சிறிய அறையில் அதைச் சுவாசிப்பவருக்குத் தரையிறங்க அவகாசம் கிடைக்காது.

கூரைத் துணியைக் கழற்றும்போது, அதைத் தாங்கும் வளைந்த கம்பிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு நீளமும் வளைவும் கொண்டவை என்பதை நினைவில் வையுங்கள். முன்னிருந்து பின்னாக எண்ணிட்டு, இடது முனை எது என்பதையும் குறித்துவிடுங்கள். பழைய துணியைத் தையல் பிரித்து வார்ப்பாக வைத்துக்கொண்டால் புதியதை வெட்டுவது எளிது. ஒட்டும் பசையின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். பாட்டரியைக் கழற்றிவிட்டு, கதவுகளைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள். சன்னல்கள் அக்ரிலிக்கால் ஆனவை என்பதால், பசையைத் துடைக்கும் அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் பட்டால் அவற்றில் மயிரிழை விரிசல்கள் பரவும். அவற்றை முதலிலேயே மூடிவிடுங்கள்.

இருக்கைகளில் அழகைவிட அளவே முக்கியம். புதிய ஃபோம் தடிமன் கூடினால் உங்கள் கண்மட்டம் உயரும், ரடர் மிதிகளுக்கான எட்டுதூரம் மாறும், கட்டுப்பாட்டுச் சக்கரத்தை முழுமையாகப் பின்னுக்கு இழுக்கும்போது அது தொடையில் இடிக்கவும் கூடும். இருக்கை நகரும் தண்டவாளங்களையும் பூட்டு ஊசிகளையும் இப்போதே அளந்து சோதியுங்கள். புறப்பாட்டின்போது இருக்கை பின்னுக்குச் சறுக்கிய விபத்துகளால்தான் செஸ்னாக்களுக்கு 2011-10-09 என்ற கட்டாய உத்தரவு உள்ளது. கார்பெட்டின் விளிம்பு தண்டவாளத்தின் மேல் ஏறாமலும், மிதிகளின் அடியில் சுருளாமலும், இருக்கைகளுக்கு இடையிலுள்ள ஃபிளாப் நெம்புகோலைத் தடுக்காமலும் வெட்டப்பட வேண்டும். பட்டைகளை மாற்றுவதானால் டி.எஸ்.ஓ. எனப்படும் அமெரிக்க விமானப் பாகத் தரநிலைகளில் இடுப்புப் பட்டைக்கு டி.எஸ்.ஓ. சி22, தோள் பட்டைக்கு டி.எஸ்.ஓ. சி114 என்ற குறியீடுகளைப் பாருங்கள்.

வெளியே எடுத்த ஒவ்வொன்றையும் தூக்கியெறியும் முன் எடைபோட்டு எழுதுங்கள்; உள்ளே போகும் ஒவ்வொன்றையும் அவ்வாறே எழுதுங்கள். ஒலித்தடுப்புக்காக விற்கப்படும் கனமான விரிப்புகளில் மனம் போவது இயல்பு, ஆனால் உங்கள் விமானத்தின் உச்ச எடையே 2,200 பவுண்டு, அதாவது சுமார் 998 கிலோதான். ஓர் உதாரணம்: வெற்று எடை 600 கிலோ, அதன் ஈர்ப்பு மையம் (எடை சமநிலை கொள்ளும் புள்ளி) முன்புறம் உள்ள அளவுத் தொடக்கக் கோட்டிலிருந்து 0.95 மீட்டரில் இருப்பதாகக் கொள்வோம். 1.85 மீட்டரில் உள்ள பின்னிருக்கைப் பகுதியில் 3.5 கிலோ கூடினால், மொத்தத் திருப்புத்திறன் (எடையையும் அந்தத் தூரத்தையும் பெருக்கி வருவது) 570-இலிருந்து 576.475 ஆகும், அதை 603.5-ஆல் வகுத்தால் 0.955 மீட்டர். மையம் 5 மில்லிமீட்டர் பின்னுக்குப் போகிறது. இது சிறிய மாற்றமே; ஆனால் 1959 முதல் எத்தனை பேர் எத்தனை சிறிய மாற்றங்களை எழுதாமல் விட்டார்கள் என்பதை யாராலும் சொல்ல முடியாது. எனவே வேலை முடிந்ததும் கணக்கை மட்டும் நம்பாமல் விமானத்தைத் தராசில் ஏற்றி எடைபோடச் சொல்லுங்கள்.

கட்டாய அறிவிப்புப் பட்டிகள் அனைத்தையும் திரும்ப ஒட்டியபின், முன்னிருக்கையை ஒவ்வொரு நிலையிலும் பூட்டி உட்கார்ந்து, கட்டுப்பாடுகளை எல்லாத் திசைகளிலும் எல்லை வரை அசைத்துப் பாருங்கள். அப்போது மெக்கானிக் வெளியே நின்று இறக்கையையும் வாலையும் கவனிக்கட்டும். கருவிப்பலகையின் அருகே புதிய எஃகு ஸ்க்ரூவோ காந்தப் பொத்தானோ சேர்ந்திருந்தால், திசைகாட்டியின் பிழையை மறுபடி அளந்து அதன் திருத்த அட்டையைப் புதிதாக எழுதிய பிறகே முதல் பறப்புக்குச் செல்லுங்கள்.