அம்மா வழியாக வரும் மனு

கேள்வி: எனக்கு வயது 51. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். சர்ச் நிர்வாகத்தைப் பார்க்கும் சேகரக் கமிட்டியிலும் இருக்கிறேன். வெளியில் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. வீட்டுக்கு வந்தால்தான் வாய் அடங்குவதில்லை. காபி ஆறியிருந்தாலும் குழம்பில் உப்பு கூடினாலும் மனைவியைக் கண்டபடி ஏசிவிடுகிறேன். இரவு குடும்ப ஜெபத்தில் மனம் உடைந்து ஜெபிக்கிறேன். என் சுபாவம் அப்படி. கெட்ட எண்ணம் கிடையாது. மனைவி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகனும் மரியாதை தெரிந்தவன். எது வேண்டுமென்றாலும் அவன் அம்மா மூலமாகத்தான் என்னிடம் கேட்பான். நாவை அடக்க எந்த வசனத்தைப் பிடித்து ஜெபிக்க வேண்டும்?
— பாளையங்கோட்டை வாசகர்

பதில்: தம்பி, வசனம் உங்களுக்குத் தெரியாததா? ‘மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்’ என்று சண்டே ஸ்கூலிலேயே ஒப்பித்துப் பரிசு வாங்கியிருப்பீர்கள். நான் இன்னொன்றை எடுத்துத் தந்தால் அதையும் மனப்பாடம் பண்ணிக்கொள்வீர்கள், அவ்வளவுதான்.

சுபாவம் என்கிறீர்கள். காலை பத்து மணிமுதல் சாயங்காலம் ஆறு மணிவரை அடங்கிக் கிடக்கிற நாக்கு, ஆறரைக்கு வீட்டு நடை ஏறியதும் எப்படி அவிழ்ந்துகொள்கிறது? இச்சையடக்கம் ஆவியின் கனி என்று எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பீர்கள். அந்தக் கனியையெல்லாம் ஆபீஸிலும் கமிட்டியிலும் விற்றுத் தீர்த்துவிட்டு, வெறும் கூடையோடு வீட்டுக்கு வருகிறீர்கள். பெண்டாட்டிதானே என்கிற எண்ணம். அது கெட்ட எண்ணம்தான்.

இதுபோல எனக்கு மாதம் இரண்டு கடிதமாவது வரும். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது காபியும் குழம்பும் இல்லை. ‘எது வேண்டுமென்றாலும் அவன் அம்மா மூலமாகத்தான் கேட்பான்.’ இதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். மரியாதை என்று பெயரும் வைத்துவிட்டீர்கள்.

வேதாகமத்தில் 1 சாமுவேல் 25-ஐ எடுத்துப் படியுங்கள். நாபால் என்கிற பணக்காரனுக்கு மூவாயிரம் ஆடு, ஆயிரம் வெள்ளாடு. சாப்பாட்டுக்கு ஏதாவது கேட்டு வந்த தாவீதின் ஆட்களை அவன் வாய்க்கு வந்தபடி பேசி அனுப்பிவிட, தாவீது நானூறு பேரோடு பட்டயத்தைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறான். வீட்டுக்கு ஆபத்து வருகிறது என்று தெரிந்த வேலைக்காரன் யாரிடம் ஓடினான்? எஜமானிடம் இல்லை, அவன் மனைவி அபிகாயிலிடம். இந்த மனுஷனிடம் ஒருவரும் பேச முடியாது என்று அவன் சொல்லியே காட்டுகிறான். அவளும் அப்பமும் திராட்சரசமும் ஆட்டிறைச்சியும் கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டு புருஷனுக்குச் சொல்லாமலே புறப்பட்டுப் போகிறாள். வீடே பிழைத்தது, வீட்டுக்காரனுக்கு மட்டும் மறுநாள் காலையில்தான் விஷயம் தெரிந்தது.

உங்கள் வீட்டிலும் அதுதான் நடக்கிறது. பையனுக்கு டியூஷன் பீஸ் என்றால் அம்மா, பரிட்சையில் மார்க் குறைந்தால் அம்மா. அதில் எதை உங்களிடம் சொல்வது, எதை மறைப்பது, எந்த நேரம் பார்த்துச் சொல்வது என்று அந்தப் பெண் நாள் முழுக்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். நாளைக்குப் பையன் ஏதாவது சிக்கலில் மாட்டினால் ஊரில் கடைசியாகத் தெரிந்துகொள்கிற ஆள் நீங்களாக இருப்பீர்கள். ‘பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்’ என்று கொலோசெயர் நிருபம் சொல்வது, தகப்பனிடம் பத்து ரூபாய் நேரில் கேட்கத் திடன் இல்லாத பிள்ளைகளையும் சேர்த்துத்தான்.

என் தகப்பனாரும் ஆலயத்தில் பெரிய ஆள். வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டால் நாங்கள் ஐந்து பேரும் புறவாசலுக்குப் போய்விடுவோம். கடைசி இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தார். முறை வைத்துப் பார்த்தோம், கஞ்சியிலோ மருந்திலோ ஒரு குறை வைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தால்தான் பேச ஒன்றும் இருக்காது. ‘இன்னும் கொஞ்ச நேரம் இரு’ என்பார். ஃபேனைப் பார்த்துக்கொண்டு இருப்போம்.

குடும்ப ஜெபத்தில் மனம் உடைந்து ஜெபிக்கிறேன் என்கிறீர்களே, அதை முதலில் நிறுத்துங்கள். ஏச்சு வாங்கியவள் பக்கத்தில் முழங்காலில் இருக்கிறாள்; அவளை விட்டுவிட்டு கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்கிறீர்கள். அவர் முகம் நம் கண்ணுக்குத் தெரியாது, அதனால் சுலபம். காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்றுதானே மத்தேயு ஐந்தில் இருக்கிறது? ஒரு மாதம் ஜெபத்தை உங்கள் மனைவி நடத்தட்டும், நீங்கள் ஆமென் மட்டும் சொல்லுங்கள்.

மன்னிப்பை அவளிடம் கேளுங்கள், பையன் காதுபடக் கேளுங்கள். ஏசும்போது அவன் இருந்தான் அல்லவா? சண்டை நடந்த சூட்டில் வேண்டாம், காபி சூடாக இருக்கிற ஒரு நல்ல நாளில். இன்ன நாள் இன்ன வார்த்தை சொன்னேன், தப்பு என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். ‘ஆனால் நீயும்…’ என்று ஆரம்பித்தீர்களோ, எல்லாம் போச்சு. அவள் உடனே சிரிக்கமாட்டாள். நம்பவும் மாட்டாள். அதற்கும் கோபப்படாதீர்கள்.

பையன் நேரே உங்களிடம் வர மாதக்கணக்கில் ஆகும். வரும்போது அநேகமாக உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைத்தான் கேட்பான். அன்றைக்கு அவனுக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.