17 வயதாகியும் எந்த இங்கிலாந்து கிளப்பும் என் மகனைக் கூப்பிடவில்லை. அயர்லாந்தில் இருக்கும் தடுப்பாட்டக்காரனுக்கு இனி வாய்ப்பு உண்டா, கால்பந்தை விடச் சொல்லலாமா?

விடச் சொல்லாதீர்கள். அதற்குள் என்ன அவசரம்?

உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று என்னால் ஊகிக்க முடிகிறது. ஒருவர் "லீவிங் சர்ட் (பள்ளி இறுதித் தேர்வு) வருது, பந்தை மூட்டை கட்டி வை" என்பார். இன்னொருவர் "இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாமே" என்பார். பையன் ரெண்டு பேரையும் கண்டுகொள்ளாமல் தோட்டத்துச் சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருப்பான். எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பயிற்சியாளன் இல்லை, ஏஜென்ட்டும் இல்லை. 2006-ல் மனைவிக்கு நர்ஸ் வேலை கிடைத்து அயர்லாந்தின் ஸ்லைகோ ஊருக்கு வந்தோம். ஊரில் யாரையும் தெரியாது, மழையோ விடாது. சனிக்கிழமை சாயங்காலம் எங்கேயாவது போக வேண்டுமே என்று ஷோகிரவுண்ட்ஸ் மைதானத்துக்குப் போக ஆரம்பித்தேன். ஸ்லைகோ ரோவர்ஸ் ரசிகர்களே சொந்தமாக வைத்து நடத்தும் கிளப். சிவப்புச் சட்டை, தூரத்தில் பென்புல்பென் மலை, கோல் விழாவிட்டால் நடுவரைத் திட்ட நிறைய நேரம். அங்கே வலது பின்களத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒல்லிப் பையன்தான் ஷேமஸ் கோல்மன்.

இப்போது எல்லாருக்கும் அவரைத் தெரியும். 2009 ஜனவரியில் வெறும் 60,000 பவுண்டுக்கு இங்கிலாந்தின் எவர்டன் கிளப் வாங்கியது, பிரீமியர் லீக்கின் மலிவு விலை அதிசயம், அந்தத் தொகையையே ரசிகர்கள் பாட்டாகப் பாடுகிறார்கள் என்று ஆளாளுக்கு எழுதுவார்கள். எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான். என்னவோ வானத்திலிருந்து அறுபதாயிரம் பவுண்டுக்கு ஒரு ஆள் விழுந்த மாதிரி! அதற்கு முன்னால் இருந்த காலத்தை யாரும் எழுதுவதில்லை. உங்கள் கேள்விக்குப் பதில் அந்தக் காலத்தில்தான் இருக்கிறது.

கோல்மன் பிறந்தது 1988 அக்டோபரில், டொனிகால் மாவட்டத்தின் கில்லிபெக்ஸில். பெரிய மீன்பிடித் துறைமுகம். நான் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன் என்பதால் படகு பார்க்கவே அங்கே போயிருக்கிறேன். உங்கள் மகனின் வயதில் அவர் எந்தப் பெரிய கிளப்பின் அகாடமியிலும் (இளைஞர் பயிற்சிப் பள்ளி) இல்லை. கேலிக் கால்பந்து (அயர்லாந்தின் தனி வகைப் பந்தாட்டம்) ஆடினார், உள்ளூர் செயின்ட் கேதரின்ஸ் அணிக்கும் ஆடினார். அந்த அணி ஸ்லைகோ ரோவர்ஸுடன் ஆடிய நட்பு ஆட்டம் ஒன்றில்தான் ரோவர்ஸின் கண்ணில் பட்டார். கூப்பிட்டது இங்கிலாந்து கிளப் அல்ல, அதிக தூரமில்லாத ஸ்லைகோ அணி.

2006 முதல் 2008 முடிய அங்கே ஆடினார். உங்கள் மகன் போகக்கூடிய இளைஞர் அணி ஆட்டத்துக்கும், பெரியவர்கள் ஆடும் லீக் ஆஃப் அயர்லாந்து ஆட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கோட்டுப் பக்கம் நின்று பார்த்தால்தான் தெரியும். எதிரே ஓரமாக ஓடிவரும் விங்கருக்கு முப்பது வயது இருக்கும். இடுப்பால் ஒரு இடி இடித்துவிட்டு, நடுவர் பார்ப்பதற்குள் பந்தோடு போயிருப்பார். முழங்கை விலாவில் இறங்கும் சத்தம் தடுப்புக் கம்பியைப் பிடித்து நிற்கிற நமக்கே கேட்கும். பின்கள ஆட்டக்காரனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க எந்தப் புல்தரை அகாடமியாலும் முடியாது என்பது என் கருத்து. முன்கள வீரனுக்கு வேகம் இருந்தால் 17 வயதிலேயே எடுபடும். தடுப்பாட்டம் அப்படி இல்லை. எங்கே நிற்பது, எப்போது காலை நீட்டாமல் இருப்பது என்பதெல்லாம் பெரியவர்களிடம் அடிவாங்கித்தான் வரும்.

சரி, எவர்டன் போனதும் எல்லாம் கைகூடிவிட்டதா? இல்லை. காலில் வந்த கொப்புளம் சீழ்பிடித்து அறுவை சிகிச்சை வரை போனது. முதல் ஆட்டம் 2009 அக்டோபரில் லிஸ்பனில், பென்ஃபிகாவுக்கு எதிராக. பழக்கமில்லாத இடது பக்கத்தில் நிறுத்தினார்கள். அணி 5-0 என்று தோற்றது. நம் ஆட்களாக இருந்தால் அன்றைக்கே "இவன் தேறமாட்டான்" என்று முடிவு கட்டியிருப்பார்கள். டிசம்பரில் டாட்டன்ஹாமுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். 2-0 என்று பின்தங்கியிருந்த ஆட்டம் 2-2 ஆனது, ஆட்டநாயகன் இவர். அப்புறமும் நேரே அணியில் இடம் கிடைக்கவில்லை. 2010 மார்ச்சில் பிளாக்பூல் அணிக்குக் கடனாக, அதாவது தற்காலிகமாக ஆட, அனுப்பினார்கள். மே மாதம் வெம்ப்ளியில் கார்டிஃபை 3-2 என்று வென்று அந்த அணி பிரீமியர் லீக்குக்கு ஏறியது. அடுத்த சீசனில் எவர்டனில் வலது நடுக்களத்தில் ஓடினார். 2011 பிப்ரவரியில் அயர்லாந்து தேசிய அணிக்கு முதல் ஆட்டம். வயது 22.

"ஒரு கோல்மனை வைத்து எல்லாரையும் அளக்காதே" என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். நூறு பேரில் ஒருவர்கூட அவர் ஆக மாட்டார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜேக் ஓ'பிரையனைப் பாருங்கள். கார்க் மாவட்டத்து யோஹல் ஊர்க்காரர், நடுத் தடுப்பாட்டக்காரர். கார்க் சிட்டியில் ஆடிவிட்டு கிரிஸ்டல் பேலஸ் போனார். அங்கே முதல் அணியில் இடமில்லை. ஸ்விண்டன், பிறகு பெல்ஜியத்தின் இரண்டாம் பிரிவில் மொலன்பேக், அங்கிருந்து பிரான்ஸின் லியோன் என்று சுற்றிவிட்டு, 2024-ல் எவர்டனுக்கே வந்து சேர்ந்தார். இன்னொரு தடுப்பாட்டக்காரர் ஜேம்ஸ் அபங்க்வா 2021-ல் டப்ளினின் செயின்ட் பாட்ரிக்ஸ் அத்லெட்டிக்குடன் எஃப்ஏஐ கோப்பையை (அயர்லாந்து கிளப்புகளின் கோப்பை) வென்ற கையோடு இத்தாலியின் உதினேசெவுக்கு ஒப்பந்தமானார்.

இன்னொன்று, உங்கள் மகனை யாரும் கூப்பிடாததற்கு அவன் திறமை மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. பிரெக்ஸிட்டுக்குப் (பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது) பிறகு, 2021 முதல், இங்கிலாந்து கிளப்புகள் 18 வயது நிரம்பாத அயர்லாந்துப் பையன்களைப் பதிவு செய்யவே முடியாது. முன்பெல்லாம் பதினாறு வயதிலேயே பெட்டியோடு கப்பலேறுவார்கள். பெரும்பாலோர் இருபது வயதில் திரும்பி வந்து, படிப்பும் இல்லாமல் பந்தும் இல்லாமல் நின்றார்கள். அதற்கு இந்த விதி எவ்வளவோ மேல்.

இந்த விதி தெரியாத பெற்றோரிடம் சம்பாதிக்கும் கூட்டமும் உண்டு. என் மகனுக்கு 15 வயதானபோது, மான்செஸ்டர் பக்கம் ஒரு வார டிரையல் கேம்ப், கிளப்புகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்கள் வருவார்கள் என்று ஒரு தனியார் ஆள் பள்ளி வாசலில் நோட்டீஸ் கொடுத்தார். கட்டணம் எங்கள் ஒரு மாத வாடகைக்குக் கொஞ்சம் குறைவு. "ஸ்கவுட்டுக்குப் பிடித்தாலும் 18 வரை பதிவு செய்ய முடியாதே, அப்புறம் எதற்கு?" என்று கேட்டேன். "எக்ஸ்போஷர்" என்றார். இன்னும் மூன்று வருஷம் அந்த எக்ஸ்போஷரை எங்கே வைத்திருப்பது என்றேன். அடுத்த பெற்றோரைப் பார்க்கப் போய்விட்டார். என் மனைவியோடு வேலை பார்ப்பவர் ஒருவர் பணம் கட்டினார். பையனுக்கு ஒரு டி-ஷர்ட்டும் சான்றிதழும் வந்தது.

வாடகை என்றதும் ஞாபகம் வருகிறது. நாங்கள் முதலில் இருந்த வீட்டின் சுவரெல்லாம் பூஞ்சை. காலி செய்யும்போது, உங்கள் சமையல் ஆவியால்தான் வந்தது என்று சொல்லி வீட்டுக்காரர் டெபாசிட்டை அப்படியே வைத்துக்கொண்டார். ஸ்லைகோ மழைக்கு என் ரசம் பொறுப்பாம். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, ஆனால் இதுவரை எங்கேயும் சொன்னதில்லை.

என் பையன் இப்போது உள்ளூர் லீக்கில் பெரியவர்கள் அணியில் ஆடுகிறான், கூடவே கல்லூரியும் போகிறான். தொழில்முறைக்குப் போவானா என்று கேட்டால் மாட்டான் என்றுதான் நினைக்கிறேன். அது வேறு கதை.

உங்கள் மகனுக்கு நான் சொல்வது இதுதான். லீவிங் சர்ட்டை எழுதட்டும். அடுத்த சீசன் தொடங்குமுன், லீக் ஆஃப் அயர்லாந்தின் ஃபர்ஸ்ட் டிவிஷன் (பேர் அப்படி, உண்மையில் இரண்டாம் நிலைதான்) அணிகளில் எது இளம் பின்கள வீரர்களை உண்மையிலேயே களத்தில் இறக்குகிறது என்று பாருங்கள். பெரிய பேர் உள்ள டப்ளின் கிளப்பின் பெஞ்சைவிட அங்கே கிடைக்கும் தொண்ணூறு நிமிஷம் அவனுக்கு முக்கியம். அவன் நடுத் தடுப்பா, பக்கவாட்டா, இடது காலா என்று நீங்கள் எழுதவில்லை. இடது கால் என்றால் கதையே வேறு, இங்கே அதற்குத் தட்டுப்பாடு. கமெண்டில் சொல்லுங்கள், ஷோகிரவுண்ட்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் ஒருவர் பல வருஷம் இளைஞர் அணி பார்த்துக்கொண்டவர், அவரிடம் கேட்டுச் சொல்கிறேன்.